அரைகுறைப் பாக்கெட்

பதினொன்றே காலுக்கு சர்வர் நான்காவது முறையாக விழுந்ததும், ஆலோசகர் வெங்கடேசன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இது சைபர் போர் என்று அறிவித்தார். போர்க்களம் கள்ளக்குறிச்சியில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடி. சாதிச் சான்றிதழ் விண்ணப்பங்களை ஆன்லைனில் வாங்கி அரசுக்கு அனுப்பும் தனியார் நிறுவனம் அது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருடம். ஊரே சான்றிதழுக்கு அலைந்தது. ஒவ்வொரு முறையும் சர்வர் விழுவதற்குச் சற்று முன் வந்தது வடக்கனந்தல் மாயவனின் பிரவுசிங் சென்டர் அனுப்பிய தகவல் பாக்கெட் என்று ரவுட்டர் காட்டியது. மாயவன் போன வாரம் மறியலில் உட்கார்ந்தவன். வெங்கடேசனுக்கு அது போதும். போலீசுக்கு இரண்டு பக்கப் புகார் எழுதிவிட்டார். தொழில்நுட்பச் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டியவள், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இசைவாணி. போட்டால் மாயவன் உள்ளே. போடாவிட்டால் அவளுடைய ஒப்பந்த வேலை வெளியே.

இசைவாணி பேனாவை மூடி வைத்தாள். இரண்டு நாளாகத் தேடியதில் விஷயம் பிடிபட்டிருந்தது. மீட்டிங்கில் பெருமையாகக் காட்டுவதற்காக, நுழையும் ஒவ்வொரு பாக்கெட்டையும் சர்வரின் அடிமட்ட மென்பொருளான கெர்னலே தணிக்கைப் பதிவில் எழுதும்படி வெங்கடேசன் செய்திருந்தார். எழுதும் நிரலோ, பாக்கெட் முழுசாகத்தான் வரும் என்று நம்பி, யாரிடமிருந்து யாருக்கு என்று முன்னால் எழுதியிருக்கும் அதன் தலைப்பைப் படிக்கும். மாயவனின் பழைய மோடம் சிலவற்றைத் தலைப்பிலேயே நறுக்கி அனுப்பியது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய் கெர்னல் குப்புற விழுந்தது. திருடனே வரவில்லை, வருகிறவர்களைக் குறித்து வைக்க உட்கார்த்திய காவலாளிதான் நாற்காலியோடு சாய்ந்தான்.

"இன்னாம்மா யோசிச்சிக்கினு கீற? அவன் உனக்கு சொந்தமா?"

"இல்ல சார். பாக்கெட்டுக்கு மறியல் பண்ணத் தெரியாதுங்க."

வெங்கடேசன் தமது பதினெட்டு வருட அனுபவத்தை முதல் வருடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சர்வர் மறுபடி எழும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்ததும், தன் மடிக்கணினியில் ஒரு பாக்கெட் செய்து, தலைப்பைப் பாதியில் வெட்டி அனுப்பினாள். சர்வர் விழுந்தது. கவுண்டரிலிருந்த ராணியம்மாள், காத்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தாள்.

"இப்ப அனுப்பினது நான் சார். மாயவன் பேருக்குக் கீழ என் பேரையும் எழுதிக்கிங்க."

அனுபவம் ஏழாவது வருடத்தோடு நின்றது.

திருத்தம் நாலு வரிதான். படிக்கும் முன் தலைப்பு முழுசாக இருக்கிறதா என்று அளந்து பார். இல்லையென்றால் 'குறை' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போ. அந்தக் குப்பையைப் பதிவே செய்யாமல் தூக்கிப் போட்டால் என்ன என்றார் வெங்கடேசன்.

"வந்தது வந்த மாதிரியே இருக்கட்டும் சார். இல்லன்னா நாளைக்கு யார் வேணா எது வேணா சொல்லுவாங்க."

மதியத்துக்குள் திருத்தத்தை ஏற்றி, அதே வெட்டுப்பட்ட பாக்கெட்டை மூன்று முறை அனுப்பினாள். சர்வர் அசையவில்லை. வெங்கடேசன் புகாரைக் கிழிக்கவில்லை, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். சாவி அவர் சட்டைப் பையில். இசைவாணி மாயவனுக்கு போன் போட்டு மோடத்தை மாற்றச் சொன்னாள். மறியல்ல உக்காந்துக்கினு கீறேன்கா, கடையில சம்சாரம்தான், சாயந்திரம் மாத்திடறேன் என்றான். பின்னால் கோஷத்தில் மீதி கேட்கவில்லை.

திரையில் வடக்கனந்தல் வரிகள் ஏறிக்கொண்டிருந்தன: முழுசு, முழுசு, குறை, முழுசு. ஜன்னலுக்குக் கீழே, மறியலைத் தாண்ட முடியாமல் சின்னசேலம் பஸ் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றது. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெயிலில் நடக்கத் தொடங்கினார்கள்.