மேனேஜருக்கு இடமாற்றம்

மீன் தொட்டியைக் கழுவிவிட்டுக் கற்களைத் திரும்ப அடுக்கும்போது, கைபேசியைப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வேன். அதில் ஒரு படம் இருந்தது. இடது ஓரத்தில் பலகை மாதிரி தட்டையான ஒரு கல், அதன்மேல் சாய்ந்த கருங்கல், நடுவில் உருண்டைக் கற்கள், வலது மூலையில் பாதி உடைந்த பூந்தொட்டி. என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அடுக்கி வைத்தது. அவள் போன பிறகு முதல்முறை தொட்டியைக் கழுவ வேண்டி வந்தபோது, எதையும் கலைப்பதற்கு முன்னால் படம் எடுத்துவைத்தேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கல்லையும் அதனதன் இடத்தில் வைத்தேன். அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் தள்ளியவன் நான். மூலத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே அச்சுப்படியிலும் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

தொட்டி அவளுடையது. நான் அதில் கை நனைத்ததில்லை. மீன் என்றால் வாயைத் திறந்து மூடிக்கொண்டு சாதுவாகச் சுற்றிவரும் என்றுதான் நினைத்திருந்தேன். இவை சிக்லிட் என்ற இனம். இடம் பிடிக்கிற மீன்கள். ஒரு பொந்து, அதன் வாசலில் ஒரு சாண் மணல். அது தன்னுடையது என்று முடிவு கட்டிவிட்டால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவனுக்கு வால் மிஞ்சாது. அவற்றில் கருநீலத்தில் பட்டை போட்ட ஒருவன்தான் மேனேஜர்.

பெயர் வைத்தது அவள். "தாடையைத் தூக்கிக்கிட்டு வர்றதைப் பாருங்களேன். எங்க மேனேஜர் ரவுண்ட்ஸ் வர்ற மாதிரியே இல்ல?" என்றாள். அவள் அலுவலகத்து மேனேஜரை நான் பார்த்ததில்லை. ஆனால் தினமும் சாப்பாட்டு வேளையில் அவரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, தெருவில் எதிரே வந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். மீனை அவளுக்குப் பிடித்திருந்தது. தொட்டியில் எல்லோரையும் விட அவனைத்தான் பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும். தீனி போடும்போது அவன் மேலே வந்து அவள் விரலை முட்டுவான். "இந்த ஐஸ் வைக்கிறதெல்லாம் எங்கிட்ட நடக்காது" என்பாள், கூட ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டே.

அவள் கை சும்மா இருக்காது. சோபா ஜன்னலோரம் போகும், அடுத்த மாதம் கதவோரம் வரும். புத்தக அலமாரி இருந்த இடத்தில் போய் நான் சுவரைத் துழாவியிருக்கிறேன். தொட்டிக் கற்களும் அப்படித்தான் இடம் மாறிக்கொண்டிருந்தன. "போன மாசம்தானே மாத்தின?" என்று கேட்டால், "உங்களுக்குப் புரியாது. நீங்க போய்க் கமாவைப் பாருங்க" என்பாள்.

அவள் இல்லாமல் போன பிறகு சோபாவும் நகரவில்லை, கற்களும் நகரவில்லை. மேனேஜர் மட்டும் வளர்ந்தான். முதலில் பலகைக் கல்லின் அடிப்பகுதி அவனுடையது. பிறகு கருங்கல். பிறகு நடுவிலிருந்த உருண்டைகள். மற்றவற்றின் வால்கள் கத்தரித்த துணி மாதிரி ஆயின. காலையில் விளக்கைப் போடும்போது யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்கவே பயமாக இருந்தது. வெள்ளையாகச் செத்து ஒன்று தண்ணீர் வடிகட்டிக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. வாரங்கள் கழித்து இன்னொன்று. இரண்டும் அவள் விரல்நகம் அளவில் வாங்கி வளர்த்தவை. அவளிடமிருந்து எனக்கு வந்த உயிருள்ளவை இவைதாம். அவை என் கையில் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன.

மீன்கடைக்காரரிடம் போனேன். அவருக்கு அவளைத் தெரியும். கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"மீன் கம்மியா இருக்கு சார், அதான். இன்னும் ரெண்டு மூணு விடுங்க. கூட்டம் சேர்ந்தா யாரை அடிக்கிறதுன்னு அவனுக்கே குழம்பிப்போயிடும்."

விட்டேன். அவன் குழம்பவில்லை. புதியவர்களை வந்த அன்றே மூலைக்குத் தள்ளி வரிசையில் நிறுத்திவிட்டான். மறுபடி போனேன்.

"வலைப்பெட்டி ஒண்ணு தரேன். அதுக்குள்ள அவனைப் போட்டுத் தொட்டியிலயே தொங்க விடுங்க. கொஞ்சநாள் உள்ள இருந்தா திருந்துவான்."

தொங்கவிட்டேன். உள்ளே இருந்தபடி தன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். திறந்துவிட்டதும் நேரே அங்கே போய், இடையில் குடிவந்திருந்த ஒன்றை வெளியே இழுத்துப் போட்டான்.

மூன்றாம் முறை போனபோது கடைக்காரருக்கும் அலுத்துவிட்டது. "கொண்டாந்துடுங்க சார், நான் வெச்சுக்கறேன். இங்க பெரிய தொட்டியில இவனுக்கு அப்பனுங்க இருக்கானுங்க."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பன்களிடம் அவன் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியும். யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் மஞ்சள் என்று நாங்கள் கூப்பிட்ட பெண்மீனின் தொண்டை உப்பியிருப்பதைப் பார்த்தேன். இந்த இனத்துத் தாய் முட்டையை வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்கும்; அதுவரை எதுவும் தின்னாது. என் மனைவி இருந்த காலத்தில் ஒருமுறை இப்படி ஆகியிருந்தது. "வாயைத் திறக்கவே மாட்டா. நமக்கெல்லாம் வருமா அந்தப் பொறுமை?" என்று என்னையே பார்த்துச் சொன்னாள். மஞ்சளுக்கு ஒதுங்க ஒரு பொந்து வேண்டும். எந்தப் பொந்தில் நுழைந்தாலும் மேனேஜர் வந்தான். தொட்டியின் மேல்மூலையில், குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில், செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். முதுகுத் துடுப்பு பாதி இல்லை. வயிறு ஒட்டிப்போயிருந்தது.

ஒன்று அவன் போக வேண்டும், அல்லது இவள் போவாள். மறுநாள் மூடி போட்ட வாளியை எடுத்துக் கழுவி வைத்தேன்.

அன்று மனைவியின் தங்கை வந்தாள். மாதத்தில் ஒருநாள் வந்து, நான் சாப்பிடுகிறேனா என்று பாத்திரங்களைத் திறந்து பார்த்துவிட்டுப் போவாள். வாளியைப் பார்த்து, "என்ன அத்தான், வீடு கழுவப் போறீங்களா? உலகம் தாங்குமா?" என்றாள்.

"மேனேஜரைக் கடைக்குத் திருப்பிக் குடுக்கப் போறேன்."

அவள் தொட்டியிடம் போனாள். குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது அக்கா வெச்ச மாதிரியே இருக்கே."

"ஆமா. படம் பார்த்துத்தான் அடுக்கறேன். ஒரு கல்லு மாறலை."

"எத்தனை மாசமா?"

"அப்போலேர்ந்து."

தோள்பையைக் கீழே வைத்தாள். "அத்தான், அவ என்னைக்காவது இதை ரெண்டு மாசம் ஒரே மாதிரி வெச்சிருந்தாளா? அவன் வாலாட்ட ஆரம்பிச்சா, பிடிச்சு வாளியில போட்டுட்டு உள்ள எல்லாத்தையும் கலைச்சு மாத்திட்டுத்தான் விடுவா. எடமே தெரியாம முழிப்பான். மத்ததெல்லாம் அதுக்குள்ள ஆளுக்கொரு பொந்து பாத்துக்கும். டிரான்ஸ்ஃபர் போட்டாச்சுடின்னு எனக்குப் போன் பண்ணிச் சொல்லுவா. ஆபீஸ்ல அந்த மேனேஜர் எல்லாரையும் மாத்தறான், அவனை மாத்தத்தான் ஆள் இல்ல, இங்கயாவது போகட்டும்னு."

"எங்கிட்ட சொன்னதில்லையே."

"நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. எல்லாக் கல்லையும் அங்கங்க வெச்சு, அவனுக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்கீங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சிரிக்க வேண்டும்போல இருந்தது, அதற்கும் தெம்பில்லை.

"அவ கடைசியா வெச்சதும்மா அது."

"இல்ல அத்தான். நடுவுல வெச்சது. கடைசின்னு அவளுக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து மாத்தலாம்னு போயிருப்பா."

உடனே, "சட்டைக் கையைச் சுருட்டுங்க" என்றாள், சண்டை போடுகிற மாதிரி.

மேனேஜரைப் பிடிப்பதற்குள் இருவரும் பாதி நனைந்தோம். வாளிக்குள் இறக்கியதும் மூடியை இரண்டு தரம் முட்டிவிட்டு அடங்கினான். நான் தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுக் கற்களைக் கலைத்தேன். தொட்டி கலங்கி எதுவும் தெரியவில்லை. பலகைக் கல்லைத் தூக்கினேன்.

"இதை எங்க வைக்கட்டும்?"

"எனக்கென்ன தெரியும்? எங்கயாவது வைங்க. பழைய எடத்துல மட்டும் வேணாம்."

வைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அத்தான், கையைப் பாருங்க. அங்கயே போகுது."

உண்மைதான். இடது ஓரத்துக்கே போயிருந்தது. சுவரில் சாய்ந்திருந்த கைபேசியை அவள் எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி தூக்கினேன். வலது பக்கத்தில், படுக்கவைக்காமல் நிறுத்தினேன். இத்தனை மாதம் ஒரே பக்கம் வெளிச்சம் பட்டுக் கற்களில் பாசி ஏறியிருந்தது. திருப்பிப் போட்டதும் வழுக்கையாக வெளிறிய பக்கங்கள் தெரிந்தன. பூந்தொட்டியை இடது மூலையில் பாதி மணலில் புதைத்தேன். அழகாக இல்லை. என் மனைவி பார்த்தால், லாரியிலிருந்து கொட்டினீர்களா என்று கேட்டிருப்பாள்.

மண் படிந்து தெளிகிற வரை காத்திருந்து மேனேஜரை விட்டோம். தன் கல் இருந்த இடத்துக்கு நேரே போனான். அங்கே மணல். திரும்பி ஒரு சுற்று வந்தான். மறுபடி அங்கேயே போய் நின்றான். அப்படி அவன் நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. முன்பு புத்தக அலமாரி இருந்த இடத்தில் நான் சுவரைத் துழாவியதுபோல் இருந்தது.

"அங்க பாருங்க" என்றாள் அவள், மெதுவாக.

மஞ்சள் குழாயை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். பூந்தொட்டியின் வாயில் தலையை நுழைத்தாள். வெளியே வந்தாள். மறுபடி நுழைந்தாள். கிழிந்த வால் கொஞ்ச நேரம் வெளியே ஆடியது, பிறகு அதுவும் உள்ளே போயிற்று. மேனேஜர் அந்தப் பக்கம் வரவேயில்லை. அவனுக்கு அன்று வேறு வேலை இருந்தது.

"இது எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?" என்று கேட்டேன்.

"இந்த மஞ்ச வாயில இருக்கறதை வெளிய விடற வரைக்கும் தாங்கினாப் போதாதா? அப்புறம் அவனுக்கு இதுவும் பழகிடும். மறுபடி மாத்துங்க."

"மறுபடியா?"

"பின்ன? அவன் இருக்கற வரைக்கும் மாத்திக்கிட்டேதான் இருக்கணும். இல்ல, நீங்க இருக்கற வரைக்கும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, டீ போட உள்ளே போனாள்.

எனக்குத் தோள் வலித்தது. கைபேசியை எடுத்துத் திருப்பினேன். படம் திறந்தே இருந்தது. படத்துக்கும் தொட்டிக்கும் ஒரு கல்கூடப் பொருந்தவில்லை. ஓரத்தில் குறி போடக் கை பரபரத்தது. அதை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஈரச் சட்டையை மாற்ற வேண்டும். எழுந்திருக்க அலுப்பாக இருந்தது. வாளியிலிருந்த தண்ணீரை யார் கொட்டுவது என்று யோசித்தேன். இந்த வீட்டில் நான்தான் கொட்ட வேண்டும்.

கொட்டவில்லை. கழுவி உள்ளே எடுத்துவைக்கவும் இல்லை. அடுத்த மாதம் வேண்டியிருக்கும் என்று வாளியைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.