பிசிறு எழுத்து

ஆம்பூர்த் தோல் கம்பெனியில் தானியேலின் வேலை, கட்டிய தோல் மூட்டைகள்மேல் கறுப்பு மையால் ஊர்ப்பெயர் எழுதுவது. நார்த் தூரிகை என்பதால் எழுத்தின் உடம்பெல்லாம் கீற்று ஓடும், ஓரம் பிசிறும். அழகென்று யாரும் சொன்னதில்லை. ஆனால் தெருக்கோடியிலிருந்தே படிக்கலாம்.

கடைவீதியில் அச்சாபீஸ் வைத்திருந்த கோதண்டராமன் அந்தப் பிசிறில் சொக்கிப்போனார். சிநேகிதன் தானியேலை அரிச்சுவடி முழுவதும் எழுதச் சொல்லி, ஒரு பிசிறு விடாமல் மரத்தில் செதுக்கி வாங்கினார். அப்புறம் நாடகம், மாட்டுச் சந்தை, சோடா எல்லாமே தானியேலின் எழுத்தில்தான் கூவின. தோல் கம்பெனி மானேஜர் கோவிந்தசாமிக்கு வாசித்தளித்த வாழ்த்துப் பத்திரத்தின் தலைப்பும் அதுவே. சர்க்கார் தரும் ராவ் சாகிப் பட்டம் அவருக்கு இன்னும் வந்தபாடில்லை. வரும் என்ற நம்பிக்கையில் அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை கம்பெனிக் கதவில் ஒரு தாள்: ‘காலுக்கு ஜோடு தராமல் சுண்ணாம்புக் குழியில் இறங்க மாட்டோம்.’ அச்சாபீஸ் பெயர் இல்லை. மூட்டையில் தினம் பார்க்கிற கையாயிற்றே! மானேஜர் தானியேலை ஆபீசில் நிறுத்தி, தூரிகையை டிராயரில் பூட்டி, போலீசுக்கு ஆளனுப்பினார்.

தானியேலுக்குப் பார்த்ததுமே புரிந்தது. தாளில் இரண்டு ‘ல்’. இரண்டும் ஒரே இடத்தில் பிளந்திருந்தன. கை அப்படி எழுதாது, மரம்தான் எழுதும். அதைச் சொன்னால் இவன் தப்பிப்பான். பெயர் போடாமல் அச்சடித்த கோதண்டராமனுக்கு ஜெயில்.

“இன்னாடா, இது உன் எழுத்தா இல்லியா?”

“எழுத்து என்னுதுதான் சார்.”

அதில் பொய் இல்லை. தின்ற உப்பு, வளர்த்த கடா என்று மானேஜர் அரைமணி நேரம் பிரசங்கித்தார். ஜோடு பற்றிப் பேச்சில்லை.

பிரசங்கம் முடியுமுன் கம்பெனிக் காவல்காரன் கதவிலிருந்து இன்னொரு தாளைக் கொண்டுவந்தான். பசைகூடக் காயவில்லை. ‘தானியேலை விடு.’ அதே பிசிறு. சிநேகிதனைக் காப்பாற்றுகிற அவசரம் கோதண்டராமனுக்கு.

மானேஜர் பூட்டிய டிராயரைப் பார்த்தார், தானியேலைப் பார்த்தார்.

“அப்போ இத எவன்டா எழுதினான்?”

தானியேல் தலையைக் குனிந்துகொண்டான். குனியுமுன் ஒரே ஒரு கணம் அவன் கண் நாற்காலிக்குப் பின்னால் சுவருக்குப் போய்விட்டது.

மானேஜரும் திரும்பினார். தன் புகழை நூறு தரம் படித்தவர், அடிவரிவரை ஒருநாளும் போனதில்லை. இன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அங்கே பொடி எழுத்தில் இருந்த அச்சாபீஸ் பெயரை நிதானமாக, வாய்விட்டுப் படித்தார்.