குதிரைக்காரன் துண்டு

ஐந்து கிலோ வெங்காயம் அரிந்தும் யெஷியின் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவ்வளவு கோபம். எரிச்சல் முழுவதும் கத்தியில் இறங்கியதில் வெங்காயம் மாவாகிக் கிடந்தது.

கோபம் வாசலில் ஆரம்பித்தது. நாளைக்கு ஈஸ்டர். ஐம்பத்தைந்து நாள் கறி, பால், முட்டை எதையும் தொடாமல் டெப்ரெ மார்க்கோஸ் ஊரே காய்ந்து கிடந்தது. சேவல் கழுத்தில் பெண்பிள்ளை கத்தி வைக்கக்கூடாது. கணவன் யிர்கா செத்து எட்டு மாதமாகிறது. அதனால் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவோடு போகிற ஆம்பளை யாராவது அறுத்துத் தருவானா என்று வாசலில் நின்றாள். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் யிர்காவின் அண்ணன் அட்மாசு.

"என்ன யெஷி, கோழியத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிற? ஆம்பள இல்லாத வீடுன்னு ஊருக்கே தண்டோரா போடறியா?"

"வாங்க அத்தான். அறுத்துக் குடுங்க."

அறுத்தார். கத்தியைப் புல்லில் துடைத்துக்கொண்டே, ஏதோ தண்ணீர் கேட்பது போலச் சொன்னார்:

"நாளைக்கு சாப்பாட்டுக்கு பாதிரி சாமிய கூட்டிட்டு வரேன். அவரு முன்னாடி குதிரைக்காரன் துண்ட என் பக்கம் வை. இனிமே இந்த வீட்டுக்கு நான்தான் பொறுப்புன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல. என் பையன் கல்யாணம் முடிஞ்சு இங்கதான் இருக்கப் போறான். நீயும் மகளும் பின்னாடி சமையல் ரூமுக்கு மாறிக்கங்க. ரெண்டு பேருக்கு அது தாராளம்."

யெஷி வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் சேவலுக்குப் பிறகு அவர் கழுத்துதான்.

அந்தப் பக்கத்தில் சேவலைச் சரியாகப் பன்னிரண்டு துண்டாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் ஆள் உண்டு. நடு மார்பெலும்போடு வரும் சதைப்பற்றான துண்டுக்குப் பெயர்தான் குதிரைக்காரன். அது வீட்டுத் தலைவருக்கு. யார் பக்கம் அது விழுகிறதோ, அவர் சொல்வதுதான் அந்த வீட்டில் நடக்கும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்ட மாமியார்களின் கதை அங்கே வண்டி வண்டியாக உண்டு.

இருபத்திரண்டு வருடம் யெஷி பிசகாமல் பன்னிரண்டு வெட்டியிருக்கிறாள். எலுமிச்சையும் உப்பும் போட்டு, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும்வரை ஏழெட்டுத் தடவை கழுவியிருக்கிறாள். அவளுக்குக் கிடைத்தது கழுத்து. சில வருடம் றெக்கை. யிர்கா நல்ல மனிதர்தான், கை நீட்டியதில்லை. ஆனால் குதிரைக்காரனை எலும்பு வெளுக்கத் தின்றுவிட்டு விரலைச் சூப்புவாரே தவிர, உனக்கு என்ன மிச்சம் என்று ஒருநாள் கேட்டதில்லை. செத்தவரைக் குறை சொல்லக்கூடாதாம். அவளுக்கு இன்று அவர் மேலும் சேர்த்துத்தான் கோபம்.

இந்த வீடு யார் கட்டியது? யிர்கா தைலமரக் கம்பு நட்டார், சரி. வைக்கோல் கலந்த சேற்றை ஒரு மாதம் மிதித்தது யார்? மகள் மஹ்லெட் வயிற்றில் ஆறு மாதம். முன்னறைச் சுவரை யெஷி கையாலேயே பூசினாள். அப்போது அண்ணன்காரர் எட்டிப் பார்க்கவில்லை. யிர்கா ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தபோதும் வரவில்லை. இப்போது சுவர் காய்ந்துவிட்டது, வந்துவிட்டார்.

கோயிலில் ராத்திரி முழுக்க நடந்த ஈஸ்டர் பூசை முடிந்து விடியற்காலையில் திரும்பியதும் மஹ்லெட் கேட்டாள். "அம்மா, நெசமாவே பெரியப்பாவுக்கு அதக் குடுக்கப் போறியா?"

"நீ போய்த் தூங்கு."

மகளை அனுப்பிவிட்டு யெஷி சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

காலை பதினோரு மணிக்கு அட்மாசு வெள்ளை உடுப்பும் வெள்ளைச் சால்வையுமாகப் பாதிரியாரோடு வந்தார். நேராகப் போய் யிர்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். மேசை மேல் பெரிய தட்டில் புளித்த மாவு தோசையான இன்ஜெரா விரித்திருந்தது. நால்வருக்கும் அந்த ஒரே தட்டு. யெஷி மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். செக்கச்செவேலென்ற குழம்பு, மேலே நெய் மிதந்தது. முழு முட்டைகள் எட்டிப் பார்த்தன.

பாதிரியார் செபித்து முடித்தார். யெஷி அவர் பக்கம் ஒரு தொடைத் துண்டை வைத்தாள். அடுத்து அட்மாசுவின் பக்கம் ஒரு றெக்கையை வைத்தாள்.

அட்மாசு றெக்கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்ன இது?"

"றெக்கை அத்தான். நல்லா வெந்திருக்கு."

"நக்கலா? குதிரைக்காரன் எங்க?"

அவர் கரண்டியைப் பிடுங்கிச் சட்டியைக் கிளறினார். ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி எண்ணினார். குழம்பு சால்வையில் தெறித்ததையும் கவனிக்கவில்லை. இரண்டாவது தடவை எண்ணும்போது அவர் முகத்தில் சந்தோஷம் வந்துவிட்டது.

"தட்டுல இருக்கறதோட சேத்துப் பதினொண்ணு! சாமி, பாத்துக்கங்க. ஒரு கோழிய ஒழுங்கா வெட்டத் தெரியல. இவதான் வீட்டக் கட்டிக் காப்பாளாம்! நான் சொன்னேனா இல்லியா? ஆம்பளத் துணை இல்லாம இதுங்களால ஆகாது. என் தம்பி எப்படித்தான் காலம் தள்ளினானோ."

பாதிரியார் தாடியைத் தடவினார். "எங்கியாவது விழுந்திருக்கும்மா. உள்ள போயி பாரு."

மஹ்லெட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா தப்பாக வெட்டி அவள் பார்த்ததே இல்லை.

யெஷி அட்மாசுவை முழுக்கப் பேசவிட்டாள். மூச்சு வாங்க அவர் நிறுத்தியதும் சொன்னாள்.

"விழல சாமி. பன்னெண்டு துண்டுதான் வெட்டினேன். ஒண்ண நான் தின்னுட்டேன்."

"என்னது?"

"காலையில, கோயில்லேருந்து வந்ததும். மணையப் போட்டு உக்காந்து, நிதானமாத் தின்னேன். இருவத்திரெண்டு வருசமா ஆக்கிப் போட்டிருக்கேன், அது என்ன ருசின்னு நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. நல்லாத்தான் ஆக்கியிருக்கேன் அத்தான்."

"பொம்பள... நீ... அது ஆம்பள திங்கிற துண்டுடி!"

"வீட்டுத் தலைவர் திங்கிற துண்டு. சேத்த மிதிச்சது நான், சுவரு பூசினது நான், பதினேழு நாள் ஆஸ்பத்திரித் தரையில படுத்தது நான். நீங்க சேவல அறுத்தீங்க, அதுக்குத்தான் றெக்கை."

மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே மார்பெலும்பு, ஒரு நார்கூட ஒட்டாமல் வெள்ளையாக இருந்தது. அதை அட்மாசுவின் பக்கம், றெக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"குதிரைக்காரன் வேணும்னீங்களே. எடுத்துக்கங்க."

மஹ்லெட் களுக்கென்று சிரித்துவிட்டாள். அட்மாசு எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "சாமி, கெளம்புங்க! இந்த வீட்டுல தண்ணி குடிக்கக்கூடாது!"

பாதிரியார் தன் பக்கத்துத் தொடைத் துண்டைப் பார்த்தார். ஐம்பத்தைந்து நாள் விரதம் அவருக்கும்தான்.

"நீ முன்னாடி போ அட்மாசு. சாப்பாட்ட வெச்சுட்டு எந்திரிக்கறது பாவம்."

வாசல் கதவை அட்மாசு படாரென்று சாத்திய சத்தத்தில் சுவர் அதிர்ந்தது. ஒரு துளி மண்கூட உதிரவில்லை. யெஷி நாற்காலியை நிமிர்த்தி மேசையருகே இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தாள்.