ஏழாவது நம்பர்

லிஃப்ட் மெக்கானிக் அக்காவுக்குக் கோபம் வந்தால் பன்னிரண்டு மாடிக் கட்டடம் மரியாதையாக ஒரு படி இறங்கி நிற்கும் என்பார்கள். அன்றைக்கு வந்த கோபத்துக்கு ஊரே இறங்கியிருக்க வேண்டும்.

அவளுடைய தம்பி பார்சல் வேன் ஓட்டுபவன். பதினோரு நாளாகச் சரியான சாப்பாடில்லை, தூக்கமில்லை. அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் வந்து நின்றான்.

"அக்கா, எனக்கு உயிரோட இருக்கவே பிடிக்கலக்கா."

வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டாள்.

"செத்துடலாம்னு தோணுதாடா?"

தலையை ஆட்டினான்.

"சொன்னியே, அதுவே போதும். இன்னைக்கு நான் உன் நிழல். குளிக்கப் போனாலும் வாசல்ல பாட்டுப் பாடிக்கிட்டு நிப்பேன்."

"உன் பாட்டா?" என்றான். முகத்தில் சிரிப்பில்லை.

சுகாதார நிலையத்துச் சுவரில் 'மனம் துவண்டால் அழையுங்கள்' என்று ஏழு எண்கள் போட்ட அட்டை ஒன்று உண்டு. எப்போதோ எடுத்த படம் அவள் போனில் இருந்தது. அழைத்தாள். முதல் எண்ணில் வீணை வாசித்தார்கள். ஒரு கச்சேரியே முடிந்திருக்கும், ஆள் வரவில்லை. இரண்டாவது, காதைக் கிழிக்கும் ஃபேக்ஸ். மூன்றாவது, டயர் கடை.

"தினம் நாலு பேர் இதுக்குத்தாம்மா கூப்பிடுறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஆறுதலைச் சொல்லி வைக்கிறேன்" என்றார் கடைக்காரர் பாவமாக.

அடுத்த மூன்றும் உபயோகத்தில் இல்லை. ஏழாவது அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். கவுன்ட்டர் கிளார்க் நிமிராமலே சொன்னார்: "லிஸ்ட்டை வருஷா வருஷம் சரிபார்க்கிறோம் மேடம்."

"எப்படி?"

"எழுத்துப்பிழை பார்ப்போம். புதுசா லேமினேஷன் போடுவோம்."

"டயல் பண்ணிப் பார்ப்பீங்களா?"

சுவரை நக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டதுபோல் விழித்தார்.

"யோவ், நான் ஒவ்வொரு லிஃப்ட்லயும் அபாய மணியை மாசாமாசம் அமுக்கிப் பாக்குறேன். உள்ள மாட்டினவன் அமுக்குறப்போ வெளிய ஒருத்தனுக்காவது கேக்கணும்ல? இவன் உள்ள மாட்டிக்கிட்டிருக்கான்யா!"

எல்லோர் முன்னாலும் ஏழாவது எண்ணை அழுத்தினாள். கிளார்க்குக்குப் பின்னால் இருந்த பீரோவுக்குள் மணி அடித்தது.

கூடத்தில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள்.

"சாவி?"

"சூப்பரின்டென்டென்ட் லீவுல..."

அவள் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்தது. கீல்கள் கழன்றன. கதவு விழுந்த சத்தத்தில் மூன்று தெருவுக்கு அப்பால் ஒருவர் காப்பியைக் கொட்டிக்கொண்டதாகக் கேள்வி. பழைய திரைச்சீலைக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் நடுவே கறுப்பு டெலிபோன் ஒன்று இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஒரு நர்ஸம்மா ஓடிவந்தார். "ஐயோ, அது என் கவுன்சலிங் போன்! வெள்ளையடிக்கிறப்போ என்னை மேல மாத்தினாங்க. லைனும் கூடவே வரும்னாங்க. ரெண்டு வருஷமா ஒரு அழைப்புகூட இல்லையேன்னு..."

"அழைப்பே இல்லைன்னுதானே நாங்களும் ரிப்போர்ட் எழுதினோம்" என்றார் கிளார்க். "இந்த வட்டாரத்துல மனக்கஷ்டமே கிடையாதுன்னு."

அக்கா வாயைத் திறக்குமுன் நர்ஸம்மா தம்பி பக்கம் திரும்பிவிட்டார். "நீங்க வாங்க தம்பி. உக்காந்து பேசுவோம். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல."

தம்பி அக்காவைப் பார்த்தான். "நீ இங்கயே இரு, அக்கா. கத்திக்கிட்டே இரு. அப்பத்தான் நீ இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

இருவரும் பக்கத்து அறைக்குள் போக, கதவு பாதி சாத்திக்கொண்டது. அக்கா கவுன்ட்டரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள்.

"ஆறு நம்பர் பாக்கி இருக்கு. டயல் பண்ணுய்யா. ஸ்பீக்கர்ல!"

மூன்றாவது எண்ணில் டயர் கடைக்காரர் எடுத்தார். "சொல்லுங்கண்ணே, மனசு சரியில்லையா?"

கிளார்க் அக்காவைப் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். "ஆமாங்க" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த திட்டுக்கு மூச்சை இழுத்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். கதவிடுக்கு வழியாகத் தம்பியின் குரல் வந்தது. பதினோரு நாளில் முதல்முறையாக, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான்.