நடுக்களத்தில் விமலாவின் மட்டை

சாமான் அறையில் இருந்தவர்கள்: பயிற்சியாளர் சுகுமாரன், அணித் தலைவி அஸ்ஃபியா, கோல்கீப்பர் ஷர்மினி, கோப்பெங் பக்கத்துப் பழைய எஸ்டேட்டிலிருந்து வரும் விமலா, இன்னும் சில பெண்கள். படிப்பு முடிந்து போகிறவர்களுக்கு அங்கே வேலையில்லை.

அந்த ஈப்போ கல்லூரியில் அடுத்த பருவத்து ஹாக்கி அணியைத் தாளில் எழுதுவதில்லை. சுண்ணக்கட்டியால் தரையில் திடல் வரைவார்கள். தொடர்ந்து ஆடப்போகிறவள் தன் மட்டையைத் தன் இடத்தில் தானே வைக்க வேண்டும். இன்னொருத்தி மட்டையை யாரும் தொடக்கூடாது. எங்கே காலி என்று தெரிந்த பிறகுதான் ஆள் தேடுவார்கள்.

விமலா நடுக்களத்தில் மட்டையை வைத்ததும் அஸ்ஃபியாவுக்கு மூச்சு வந்தது. பெனால்டி கார்னரில் விமலா பந்தை இழுத்து வீசினால் எதிரணிக் கீப்பர் பந்தைப் பார்ப்பதில்லை, பின்னால் பலகை அதிரும் சத்தத்தைத்தான் கேட்பாள். போன இறுதியாட்டத்தில் ஒரே கோலில் தோற்றார்கள். அஸ்ஃபியாவுக்கு மிச்சமிருப்பது ஒரு பருவம். அந்தக் கோப்பை அவளுக்கு வேண்டும்.

"கார்னருக்கு விமலா, முடிஞ்சிருச்சு. லெஃப்ட் பேக் யாரு?"

சுகுமாரன் செருமினார். "இரும்மா. விமலா, காலையில புக்கிட் ஜாலில்லேருந்து எனக்குப் போன் அடிச்சாங்க. ஜூனியர் நேஷனல் கேம்புக்கு உன்னைக் கூப்பிட்டிருக்காங்களாம். நீ பதிலே சொல்லலயாம். இன்னைக்குள்ள சொல்லணுமாம்."

"உன்னையா!" ஷர்மினி கத்தினாள். "வாயத் தொறக்கலயே லா, ஊமைக்கோட்டான்!"

விமலா அஸ்ஃபியாவைப் பார்த்தாள். "நான் போகலக்கா. போயிட்டா கார்னர் யாரு அடிப்பா? நீங்களா? நீங்க அடிச்சா பந்து ஊர் தாண்டி லகாட்ல போயி விழும்."

எல்லோரும் சிரித்தார்கள். அஸ்ஃபியா சிரிக்கவில்லை. விமலா சொன்னது உண்மை. பேசாமல் இருந்தால் போதும், கோப்பை பாதி கைக்கு வந்த மாதிரி. ஆனால் அவள் குனிந்து விமலாவின் மட்டையை எடுத்தாள்.

"அக்கா, தொடக்கூடாது!"

"தெரியும்லா." மட்டையை விமலாவின் கையில் திணித்தாள். "நாட்டுக்கு ஆடக் கூப்பிடுறாங்க, நீ இங்க எனக்குக் கார்னர் அடிச்சிட்டு உக்காந்திருப்பியா? மூளை இருக்கா? எங்க டீம் புள்ளைன்னு நான் ஈப்போ பூரா சொல்லிக்கிட்டுத் திரியணும். அதைக் கெடுக்காத. போயி போன் பண்ணு."

"நான் இல்லாம நீங்க..."

"தோத்தா தோக்குறோம். அது எங்க பாடு. இந்த ரூம்ல உனக்கு இப்ப வேலை இல்ல."

முதுகில் கை வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனாள். விமலா அழுவாள் போலிருந்தது. அதைப் பார்க்க அஸ்ஃபியாவுக்கு நேரமில்லை. சுண்ணக்கட்டித் திடலின் நடுவே பெரிய ஓட்டை. அதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும், சுகுமாரன் உட்பட, தாங்களே தேர்வானதுபோல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். விமலா திரும்பி ஒரு காலை உள்ளே வைக்கப் பார்த்தாள். அஸ்ஃபியா அவளை வெளியே தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினாள்.