இன்றைய தொட்டி நிலவரம்

ஹாலாஸ்யம் தினமும் காலையில் சாக்கடை பார்க்கப் போவார். வில்லாபுரம் தாண்டி அவனியாபுரம் போகிற வழியில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேரவில்லை. எல்லா வீட்டுக் கழிவும் பின்பக்கம் உள்ள ஒரு பெரிய தொட்டிக்கு வரும். அங்கே மோட்டார் வைத்துக் காற்று ஊதி, தெளிய விட்டு, அதே தண்ணீரைச் செடிகளுக்கும் கழிப்பறைகளுக்கும் திருப்பி அனுப்புவார்கள். குடியிருப்போர் சங்கத்தில் பொறுப்புகளைப் பிரித்தபோது வாசலில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கு முன்வரிசை முழுக்கக் கை தூக்கியது. தொட்டிக்குக் கை தூக்கியவர் ஹாலாஸ்யம் ஒருவர்தான்.

அவர் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தொட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் இருக்கும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். வெறும் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிகிற அந்தச் சொட்டுக்குள் ஓர் ஊரே இருக்கும். கழிவைத் தின்பது பாக்டீரியா. அந்தப் பாக்டீரியாவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை ஒரு செல் உயிர்கள். அவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது வோர்டிசெல்லா. சுருள் கம்பியில் ஒரு கோயில் மணியைக் கவிழ்த்து நட்டதுபோல இருக்கும். எதுவாவது உரசினால் கம்பி சட்டென்று சுருங்கும், பிறகு மெதுவாக நீளும். அது இருந்தால் தொட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

பார்த்து முடித்ததும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுவார்: "இன்றைய தொட்டி நிலவரம்: வோர்டிசெல்லா நலம். நீர் தெளிவு." நாலைந்து கட்டைவிரல்கள் வரும். எந்தெந்த வீட்டுக் கட்டைவிரல் என்று அவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மனைவி ஸ்யாமளா போன பிறகு அவருடைய அன்றாடப் பேச்சுவார்த்தை என்பது இவ்வளவுதான். மகன் பத்ரி டொரண்டோவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, என்ன சமையல் என்று கேட்பான். சொன்னதும் வைத்துவிடுவான்.

பழகத் தெரியாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. ஒரு பழக்கம்தான் குறுக்கே நின்றது. அவர் யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சின்ன வயதில் ஆசாரம் என்று அம்மா பழக்கியது. அதற்கு ஒரு நியாயமும் கிடையாது என்று அவருக்கே தெரியும். கல்லூரியில் உயிர்கள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று சொந்தம் என்று பாடம் நடத்திவிட்டு, ஆசிரியர் அறைக்கு வந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஜாவைத் திறந்தவர் அவர். இங்கே குடிவந்த புதிதில் எல்லோரும் காப்பி குடிக்கக் கூப்பிட்டார்கள். கும்பிட்டு மறுத்தார். இரண்டு தரம் மறுத்தவரை மூன்றாம் தரம் யார் கூப்பிடுவார்கள்? அறுபது வீட்டுக் கழிவை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கிற மனிதர், அதில் ஒரு வீட்டில்கூடக் கை நனைத்ததில்லை.

பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. பின்பக்கக் காலியிடத்தில் யாகசாலை போட்டார்கள். சங்கச் செயலாளர் தமிழ்ச்செல்விக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. அவள் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், வங்கியில் வேலை, எடுத்த காரியத்தை முடிக்காமல் தூங்க மாட்டாள். யாகசாலைக்குப் பக்கத்திலேயே சாக்கடைத் தொட்டி. சிவாச்சாரியார்கள் முகம் சுளித்தால் என்ன ஆவது? தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்துவிடலாமா என்று குழுவில் கேட்டாள்.

ஹாலாஸ்யம் உடனே பதில் எழுத உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க முதல் அத்தியாயத்திலிருந்து பாடம் எடுத்த மனிதர், நேரே விஷயத்துக்கு வருவாரா? ஒரு செல் உயிர்களில் மலேரியா தருவது உண்டு என்று ஆரம்பித்தார். சீதபேதி தருவது உண்டு. பசுவின் வயிற்றில் இருந்துகொண்டு வைக்கோலைச் செரிக்க வைப்பது உண்டு. கடலில் மிதந்துகொண்டு, நாம் இழுக்கிற மூச்சில் பெரும் பங்கைத் தருகிற பச்சைச் சொந்தங்களும் உண்டு. இப்படி ஊரெல்லாம் சுற்றி நம் தொட்டிக்கு வந்து, கடைசி வரியில் எழுதினார்: "ஆகவே பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம்."

அன்று வந்த கட்டைவிரல்களைப் பார்த்து அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தமிழ்ச்செல்வி கும்பிடும் கைகளையும் சேர்த்துப் போட்டிருந்தாள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார்.

கும்பாபிஷேகம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் எடுத்து வந்த சொட்டில் எதுவும் அசையவில்லை. கண்ணாடித் துண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். மணிகள் எல்லாம் தண்டோடு சாய்ந்து கிடந்தன. செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். தொட்டி மேல் வெள்ளை நுரை கட்டியிருந்தது. மோட்டார் பார்க்கும் சோணைமுத்து அதைப் பார்த்தபடி தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"என்னடா போட்டே இதுல?"

"செயலாளர் அக்கா போடச் சொன்னாங்க சார். நேத்து மூட்டையோட கொட்டுனேன். அம்புட்டும் கிருமின்னாங்க."

"கிருமி இல்லடா. அதுதான்டா வேலை செய்யறது. எல்லாத்தையும் கொன்னுட்டேளேடா!"

அவர் அப்படிக் கத்தி அந்தக் குடியிருப்பில் யாரும் கேட்டதில்லை. நாலு ஜன்னல்கள் திறந்தன. தமிழ்ச்செல்வி இறங்கி வந்தாள்.

"நான் வேண்டாம்னு எழுதியிருந்தேனேம்மா. நீ கும்பிடு போட்டிருந்தியே."

"நெசமாச் சொல்லவா சார்? ஒங்க மெசேஜ் முழுசாத் தெரிய நாலு தடவ அமுக்கணும். நான் மேல இருந்த ரெண்டு வரியத்தான் படிச்சேன். மலேரியான்னு இருந்துச்சு. சரி, சாரே ஒழிக்கச் சொல்றாருன்னு நெனச்சு போடச் சொல்லிட்டேன்."

"அப்போ தினம் போடற நிலவரம்?"

அவள் நுரையைப் பார்த்தாள். நல்ல பெண், அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. இத்தனை நாளும் தான் ஒரு மூடிய கதவின் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தோம் என்பது ஹாலாஸ்யத்துக்கு அந்த நிமிஷத்தில் புரிந்தது. தொட்டி செத்ததைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

இரண்டு நாளில் நாற்றம் மேல்மாடி வரை ஏறியது. கழிப்பறைக்குத் திரும்பிப் போகும் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அறுபது வீட்டிலும் வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கம் அவசரமாகக் கூடியது. தொட்டியை ஏதாவது கம்பெனிக்காரனிடம் ஒப்படைத்துவிடலாம் என்றார்கள். ஹாலாஸ்யம் எழுந்து நின்றார். உயிருள்ள சேறு கொஞ்சம் கிடைத்தால் போதும், தயிருக்கு உறை ஊற்றுவதுபோல ஊற்றி மறுபடி எழுப்பிவிடலாம் என்றார். இந்த முறை சுருக்கமாகச் சொன்னார். சோணைமுத்து, தன்னைப்போலவே கப்பலூரில் தொட்டி பார்க்கும் ஒருவனுக்கு அங்கேயே போனைப் போட்டான்.

"மாப்ள அருள்பாண்டி, ஒங்க கப்பலூர்த் தொட்டில சேறு எடுக்கிறப்ப எங்களுக்கு ஒரு லோடு அனுப்பி விடு மாப்ள. ஆமாய்யா, சாக்கடதான். சிரிக்காத."

சேறு வந்தது. கொட்டினார்கள். அதன் பிறகு நடந்ததைத்தான் ஹாலாஸ்யம் எதிர்பார்க்கவில்லை. அவருடைய அழைப்பு மணி அடிக்கத் தொடங்கியது.

"சார், எப்ப சரியாகும்?" காலையில் ஆபீஸ் போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். சாயந்தரம் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அவர் காப்பி போட்டுக் கொடுத்தார். கொஞ்சம் தண்ணீராகத்தான் இருந்தது, குடித்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, "அய்யோ, நெளியுது!" என்று அலறினார்கள். முதல் வாரம் இருக்கிற இடம் தெரியாமல் ஊர்கிற அமீபாக்கள் வந்தன. அடுத்து வால் ஆட்டி ஓடுகிற பொடிசுகள். பிறகு உடம்பெல்லாம் ரோமத்தோடு விர்ரென்று நீந்துபவை. ஒவ்வொன்றும் வந்தபோது, வந்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதைக் காட்டிப் பெயர் சொன்னார். ஸ்யாமளா இருந்த காலத்தில்கூட அந்தக் கூடத்தில் அத்தனை செருப்புச் சத்தம் கேட்டதில்லை. சாயந்தரம் ஆனால் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு, பில்டரில் டிகாக்ஷனை இறக்கி வைத்துக் காத்திருப்பார்.

தமிழ்ச்செல்வி தினமும் வந்தாள். செய்த தப்பு அவளை உறுத்தியிருக்க வேண்டும். "அந்த மணி வந்துருச்சுன்னா தண்ணியத் திறந்துரலாம்ல சார்?" என்று கேட்டாள்.

"திறந்துடலாம். அது வந்துட்டா அப்புறம் கவலையே இல்லை."

ஒரு வியாழக்கிழமை காலையில் அது வந்தது. சேற்றுத் துணுக்கின் ஓரத்தில் ஒரே ஒரு மணி, கம்பி சுருங்கி நீண்டது. பக்கத்தில் இன்னொன்று. கண்ணாடித் துண்டை நகர்த்தினால் அங்கே ஒரு கொத்து. ஹாலாஸ்யம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சந்தோஷப்பட வேண்டிய மனிதர் வாசல் கதவைப் பார்த்தார். இதைச் சொன்னால் தண்ணீரைத் திறப்பார்கள். தண்ணீரைத் திறந்தால் அவர் வீட்டு மணியை யார் அடிப்பார்கள்?

அன்று சாயந்தரம் தமிழ்ச்செல்வி வங்கியிலிருந்து நேராக வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"இன்னைக்காச்சும் வந்துச்சா சார்?"

"இன்னும் வரலைம்மா," என்றார் ஹாலாஸ்யம்.

அவள் முகம் வாடியதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அவளுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தார். அவள் களைத்துப்போய்ச் சோபாவில் உட்கார்ந்து மெதுவாகக் குடித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாளி தூக்கித் தூக்கி வலி என்றாள். அவள் போன பிறகு அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. பக்கத்து வீட்டில் வாளி நிரம்புகிற சத்தம் கேட்டது. டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

காலையில் போனை எடுத்து, "இன்றைய தொட்டி நிலவரம்" என்று அடித்தார். மேலே அடிக்க விரல் வரவில்லை. படிக்காத ஆட்களுக்கு எழுதி என்ன பயன்? அதையும்விட, எழுதிவிட்டால் எல்லாம் அத்தோடு முடிந்துவிடும். போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, தமிழ்ச்செல்வி வீடு இருக்கும் மூன்றாம் மாடிக்கு ஏறினார். ஏறும்போதே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். உள்ளே போய் உட்கார வேண்டும். காப்பி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதில் ஒன்றும் பிரமாதமில்லை, எல்லோரும் செய்கிற காரியம்தான் என்று படிக்குப் படி தனக்கே சொல்லிக்கொண்டார்.

கதவைத் திறந்த தமிழ்ச்செல்வி பயந்துவிட்டாள். "என்ன சார், மறுபடி எதுவும் செத்துப்போச்சா?"

"இல்லம்மா. வந்துடுத்து. நிறைய வந்துடுத்து. நேத்தே வந்துடுத்து."

நேற்று என்பதை அவள் காதில் வாங்கவில்லை. "ஏங்க, தண்ணி திறக்கலாமாம்!" என்று உள்ளே கத்தினாள். "ரொம்ப நன்றி சார். ஒரு மெசேஜ் போட்டா போதாதா? இதுக்காகவா இம்புட்டு மாடி ஏறி வந்தீக?"

உள்ளேயிருந்து காப்பி வாசனை வந்தது. ஹாலாஸ்யம் தொண்டையைச் செருமினார்.

"ஒரு வாய் காப்பி இருந்தாக் குடேன், தமிழ்ச்செல்வி."

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு முகமெல்லாம் மலர, "இந்தா வாரேன் சார்," என்று உள்ளே ஓடினாள். அவர் செருப்பைக் கழற்றினார். ஒரு காலை வாசற்படிக்கு உள்ளே வைத்தார். சமையலறையில் அவள் அலமாரியைத் திறந்து எதையோ தேடுகிற சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் உறை கிழிபட்டது. வரும்போது அவள் கையில் ஒரு காகிதக் கப் இருந்தது. கும்பாபிஷேகத்துக்கு வாங்கி மிஞ்சியது.

"புதுசு சார். பிரிக்காத கட்டு. யாரும் தொடல."

"தம்ளர்லயே குடுத்திருக்கலாமேம்மா."

"அட, எங்களுக்குத் தெரியாதா சார் ஒங்க பழக்கம்? ஒங்களச் சங்கடப்படுத்துவமா?" என்று அவள் பிரியமாகச் சிரித்தாள். உள்ளே போன் அடித்தது. "மேனேஜர் சார் கூப்பிடுறாரு. குடிச்சிட்டுக் கப்ப அந்தக் கூடையில போட்டுருங்க சார்," என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஹாலாஸ்யம் உள்ளே வைத்த காலை எடுத்துக்கொண்டார். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நின்று குடித்தார். காகிதம் சுட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை, கோபப்பட ஆளும் இல்லை. அழுகைதான் வந்தது, அதையும் காப்பியோடு விழுங்கினார். குடித்து முடித்ததும் உள்ளே பார்த்து, "காப்பி நன்னா இருந்ததும்மா," என்று சொன்னார். அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.