ராடு நீளம்

மருதாசலம் எழுதி வைத்திருந்ததைப் புரோகிராம் என்று சொல்லவே நாக்குக் கூசும். நாலாவது வரியிலிருந்து நானூறாவது வரிக்குத் தாவும், அங்கிருந்து பின்னால் ஓடி வரும், ஏன் வந்தது என்று எழுதின மனுசனுக்கே தெரியாது. எண்பத்தேழில் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் கம்பெனி ஒன்றில் அவர்தான் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலை. பூவாத்தாள் அவருக்குக் கீழே தற்காலிக வேலையில் இருந்தாள்.

எந்த ரிக் லாரிக்குக் குழி தோண்டும் இரும்புத் தண்டான ராடு எத்தனை ஏற்றுவது என்று அந்தப் புரோகிராம்தான் கணக்குப் போடும். கம்பெனி இருபதடி ராடை விட்டுப் பதினைந்தடிக்கு மாறியது. ராடின் நீளத்தை மருதாசலம் ஒன்பது இடத்தில் தனித்தனியாக எழுதியிருந்தார். எட்டில் மாற்றிவிட்டு ஒன்றைக் கோட்டை விட்டார். ஒரு லாரி மத்தியப் பிரதேசத்தில் ராடு பத்தாமல் பாதிக் குழியோடு நின்றது.

விட்டுப்போன இடத்தைப் பூவாத்தாள்தான் கண்டுபிடித்தாள். "இதை மட்டும் மாத்துனாப் பத்தாதுங்க சார். மறுக்கா ராடு மாறுனா மறுக்கா நிக்கும். நீளத்தை ஒரே எடத்துல வெச்சுப் பிரிச்சு எழுதிரலாமுங்க."

"எழுதும்மா. என்ற மச்சினனுக்குக்கூடப் புரியோணும், அப்பிடி எழுது. முடிச்சீன்னா மொதலாளிகிட்டச் சொல்லி உன்ற வேலைய நிரந்தரமாக்கிப் போடறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் மாடாய் உழைத்தாள். திரும்பத் திரும்ப வந்த கணக்கையெல்லாம் ஒரே சப்ரூட்டீனில் சேர்த்தாள். ஏ, பி என்று கிடந்த அளவுகளுக்கெல்லாம் அர்த்தமுள்ள பெயர் வைத்தாள். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே அது எதற்கு என்று குறிப்பு எழுதினாள். கொஞ்சம் மாற்றுவாள், பழையதையும் புதியதையும் ஓட்டி விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள், பிறகுதான் அடுத்ததில் கை வைப்பாள்.

முடித்த மறு திங்கட்கிழமை அவள் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மருதாசலத்தின் மச்சினன் பச்சமுத்து.

"தப்பா நெனைக்காதம்மா. இருக்கறது ஒரே வேலை. இப்பத்தான் ஆரு வேணும்னாலும் பாத்துக்கலாமே" என்றார் மருதாசலம், அவள் முகத்தைப் பார்க்காமலே.

பாவி மனுசன். அந்தச் சிக்கலை அப்படியே விட்டு வைத்திருந்தால் அவளை அனுப்ப இவருக்குத் துணிச்சல் வந்திருக்குமா? அவள் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

"நல்லாப் புரியுதுங்க மாமா" என்று பச்சமுத்து திரையைப் பார்த்தபடி சொல்வது கேட்டது. "ஆருங்க எழுதுனது?"

"நாந்தான் மாப்ளே."

பூவாத்தாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எந்த வரி எதற்கு என்று அத்தனைக்கும் குறிப்பு எழுதியவள், எழுதினது யார் என்று மட்டும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.